இனிக்கிற டம்ளர்

முப்பது வருஷமாய் ஊசியைப் பிடித்தே பிழைத்த தையல்காரருக்கு, தன் உடம்பில் ஊசி ஏறுவதென்றால் மட்டும் உயிரே போய்விடும். இப்போது சர்க்கரை ஏறிவிட்டது.

"இந்தப் பொடியைப் பத்து நாள் ஒழுங்காச் சாப்பிடுங்க. குறையலேன்னா தினமும் ஊசிதான்" என்று டாக்டர் கறாராய்ச் சொல்லிவிட்டார்.

பொடி மோந்து பார்த்தாலே குமட்டியது. மனுஷர் அதை ஜன்னலோரப் பூந்தொட்டியில் தட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஓ, சாப்பிட்டாச்சே!"

மனைவி தொட்டியைப் பார்த்தாள். ஆண்டவனிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டாள்.

"வாங்க, பழைய படம். புருஷன் பொண்டாட்டி கதை."

படத்துப் பொண்டாட்டி சிரித்துச் சிரித்துப் பேசி, இனிப்பில் விஷத்தைக் கலந்து ஊட்டி, புருஷனை முடித்தே விட்டாள். தையல்காரர் ஓரக்கண்ணால் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அவள் பொடியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது. நாலு மணிக்கு இரண்டு டம்ளரில் டீ வந்தது. ஒரு வாய் குடித்தார். தித்திப்பு! இரண்டு மாசமாய்ச் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தவளா இவள்?

"என்ன இது, இவ்வளவு இனிப்பு?"

"பாவம்னு தோணிச்சு. குடிங்க, குடிங்க."

சிரிக்க வேறு சிரித்தாள். அவருக்குப் படத்துப் பொண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

"உள்ளே அந்த நீல நூல்கண்டை எடுத்துட்டு வாயேன்."

அவள் போனதும் டம்ளரை மாற்றினார். அவளுடையது வேப்பங்காயாய்க் கசந்தது. கசந்தால் என்ன? தன் டம்ளரில் தானே எவளாவது விஷம் வைத்துக்கொள்வாளா? கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

அடுத்த நாள் பச்சை நூல். அதற்கடுத்த நாள் சிவப்பு. இருப்புக் கொள்ளாமல் அவர் மிஷினை மிதித்த மிதியில் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாய்ப் போயிற்று. நாலாம் நாள் மனசாட்சி வேறு குத்தியது.

"ஏம்மா, உனக்குத் தலை கிலை சுத்துதா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

'அடப்பாவமே, மெதுவாய்க் கொல்லுகிற சரக்கு போலிருக்கு!' என்று நடுங்கினார். நடுங்கிக்கொண்டே மஞ்சள் நூல் கேட்டார்.

பதினோராம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார்.

"பலே! சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு. பொடியை ஒரு நாள்கூட விடலை போலிருக்கே. ஊசி வேண்டாம்."

தையல்காரர் திறந்த வாய் மூடாமல், கூட வந்திருந்த மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "நூல் தேடற மாதிரி உள்ளே நின்னு நின்னு எனக்குக் கால் விட்டுப்போச்சுங்க. இனிமே பொடி போட்ட டம்ளரை நேரா உங்க கையிலேயே குடுத்துடட்டுமா?"