காட்டுமாடு எப்படிப் போச்சு?

கிட்ட வந்து உட்காருங்க. குளிருக்காகச் சொல்லவில்லை. உரக்கச் சொன்னால் பக்கத்து வீட்டு நல்லசாமி காதில் விழுந்துவிடும். பாவம், அந்த மனுசன் இப்போதுதான் கேட்கவே கற்றுக்கொண்டிருக்கிறான்.

கொடைக்கானல் மலைமேல் இந்தப் பூம்பாறையில் நல்லசாமிக்கு வாய் ஒரு ஏக்கர், காது கால் சென்ட். பேச விசயம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஒரே மகன் சக்திவேல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் மூணு வருசம். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்." "சரிப்பா." அவ்வளவுதான். டீக்கடையில் இவன் வாயைத் திறந்தால் இளவட்டங்கள் போனைத் திறந்துகொள்வார்கள். மிச்சம் வீட்டில் பெண்டாட்டி பொன்னுத்தாய்.

"பொன்னு, மேகம் எறங்குனதுல இன்னைக்கு பஸ்ஸே தெரியல."

"ம்."

"நேரா போயி கண்டக்டர் மேல மோதிட்டேன்."

"ம்."

"அவன் எனக்கு டிக்கெட்ட குடுத்துட்டான்."

"ம்."

சுவரிடம் சொன்னால்கூட ஒரு பல்லியாவது உச்சுக்கொட்டும் என்று நல்லசாமி நினைத்துக்கொள்வான். அவள் "ம்" போடும்போது அவள் கை என்ன செய்தது என்று மட்டும் அவன் பார்த்ததில்லை. அது விதைப்பூண்டு உடைத்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் பூண்டை இறக்கி, நடவுக்கு முன்னால் பல் பல்லாகப் பிரிக்கணும். மூட்டை மூட்டையாக. அந்த வேலை தொடங்கியதும் நல்லசாமிக்கு வெளியே ஒரு சோலி வந்துவிடும். கல்யாணமான வருசத்திலிருந்து வழக்கம் அதுதான். முன்பு அவளுக்கு எதிரே மாமியார் உட்கார்ந்தார். அப்புறம் மகன் உட்கார்ந்தான். இப்போது எதிரே காலிச் சாக்கு மட்டும்தான். அதை அவள் மடித்து வைக்கவில்லை. விரித்தபடியே போட்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்து நதியா டீச்சர் வந்தார்.

"அண்ணே, சாதிச்சவங்க வாழ்க்கையெல்லாம் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறேன். மறுநாள் கேட்டா ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குது. நம்ம மலையில துணிஞ்சு வாழ்ந்த ஒருத்தர் கதைய நேர்ல வந்து சொன்னா காது குடுத்துக் கேக்குங்க. வெள்ளிக்கிழமை காலையில ஒரு மணி நேரம். பிள்ளைக கேட்டத வீட்டுல போயி ஒரு ஆளுக்கு அப்படியே சொல்லணும். கேட்டவங்க சரின்னாத்தான் சரி."

"எத்தன பிள்ளைக டீச்சர்?"

"முப்பது."

"முப்பதும் பேசாம கேக்குமா?"

"கேக்கணும்ணே. அதுதான் பாடமே."

நல்லசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபது காது! இனி உயிர் உள்ளவரை வெள்ளிக்கிழமை நமக்குத்தான் என்று அங்கேயே முடிவு கட்டினான். யார் கதையைச் சொல்வது என்பதில் குழப்பமே இல்லை. மலையில் துணிஞ்சு வாழ்ந்தவர் என்று தேடியதில் ஒருத்தர்தான் அகப்பட்டார். சவரம் பண்ணும் கண்ணாடியில்.

முதல் வெள்ளிக்கிழமை காட்டுமாட்டுக் கதையை எடுத்தான். இருபது வருசத்துக்கு முன் பூண்டுக்காட்டில் நடந்தது. அவன் சொன்ன மாட்டுக்கு ஒரு கொம்பு பழனிப் பக்கம், மறு கொம்பு கொடைக்கானல் பக்கம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்து, ஒரு தகர டப்பாவோடு அதற்கு எதிரே நின்றது நல்லசாமி. பேரிக்காய் மரத்தில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டது பொன்னுத்தாய். எல்லாம் நடந்ததுதான். ஆளை மட்டும் கொஞ்சம் இடம் மாற்றியிருந்தான்.

மாடு முன்காலால் மண்ணைக் கீறும்போது மணி அடித்தது. ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. "அப்புறம்?" என்று முப்பது வாயும் கேட்டது. அவனை அப்படி யாரும் கேட்டதே இல்லை. வீடு வரைக்கும் அந்த "அப்புறம்" அவன் கூடவே நடந்து வந்தது.

மறுநாள் காலையில் வெள்ளனே எதிர்வீட்டு காவ்யா வந்து நின்றாள். மூணாம் வகுப்பு.

"அம்மாவும் அப்பாவும் கேரட் எடுக்கப் போயிட்டாங்க பெரியம்மா. நீங்க கேக்குறீங்களா?"

"சொல்லு தாயி."

கதவுக்குப் பின்னால், ஸ்வெட்டரில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நல்லசாமி நின்றான். பிள்ளை ஒரு சொல் விடாமல் சொன்னது.

"அப்ப நா எங்க இருந்தேனாம்?"

"பேரிக்கா மரத்துல. கண்ண மூடிக்கிட்டு அழுதீங்களாம்."

"ம்."

நல்லசாமிக்கு வேர்த்தது. பூம்பாறையில் அந்த மாசத்தில் வேர்த்த முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

"நல்லாச் சொன்ன. கேட்டேன்னு டீச்சர்கிட்ட சொல்லிரு. ஆமா, மாடு எப்படித் திரும்பிப் போச்சு?"

"மணி அடிச்சிருச்சு பெரியம்மா."

"அடுத்த வெள்ளிக்கிழமை கேளு. விடாத. அவர் என்ன சொல்றாருன்னு வந்து சொல்லு. சரியான்னு நா பாக்குறேன்."

நல்லசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டான். மாடு எப்படிப் போச்சு? கண்ணை மூடியிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு மரத்தைவிட்டு இறங்கியவன், இந்த இருபது வருசத்தில் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"பொன்னு, அந்த மாடு எப்படிப் போச்சு?"

"நீங்கதான எதுக்க நின்னீங்க?"

"வெளையாடாத. பிள்ளைக முன்னால நிக்கணும்."

"வெதப்பூண்டு ஆறு மூட்டை கெடக்கு. பேச ஏது நேரம்?"

வேறு வழியில்லை. காலிச் சாக்கில் உட்கார்ந்தான். அவள் ஒரு பூண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் உடைத்ததும் கதை தொடங்கியது. மாட்டிலிருந்து இல்லை, கல்யாண நாளிலிருந்து.

"மாட்டுக்கு வா பொன்னு."

"மாட்டப் பாக்க மலை ஏறி வரணும்ல? வந்த புதுசுல அத்தகிட்ட பேசப் பயம், வேற ஆளே இல்ல. நீங்க டீக்கடைக்குப் போயிருவீங்க. நா கோழிகிட்ட பேசிக்கிட்டிருப்பேன்."

"கோழிகிட்டயா?"

"அது பதில் சொல்லும்."

"ம்," என்றான் நல்லசாமி. அந்தச் சத்தம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை அவனாலேயே நம்ப முடியவில்லை.

அவன் கை நின்றால் கதையும் நிற்கும். வியாழக்கிழமை அந்திக்குள் ஐந்து மூட்டை காலி. விரல் நுனியெல்லாம் எரிந்தது. கதையில் மாடு அவளுக்கு மூணு முழத்தில் வந்து நின்றது. அதன் மூச்சு அவள் கையில் சுடச்சுடப் பட்டது. அவள் எழுந்துகொண்டாள்.

"அப்புறம்?"

"சோறு கொதிக்குது."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை பொன்னு."

"தெரியும்."

வெள்ளிக்கிழமை, பூண்டு உடைத்த அசதியில் அவன் நேரம் கழித்துக் கண் விழித்தபோது வீட்டில் ஆள் இல்லை. ஆணியில் அவள் ஸ்வெட்டர் இல்லை. தலைமாட்டில் ஒரு பிளாஸ்க் டீயும் ஆறாவது மூட்டையும் இருந்தன. வாசலில் வந்து பார்த்தான். மேகம் இறங்கிக் கீழே பள்ளிக்கூடமே தெரியவில்லை. சத்தம் மட்டும் ஏறி வந்தது. "அப்புறம்?" என்று முப்பது வாய். அப்புறம் நெடுநேரம் அமைதி. அப்புறம் ஒரு சிரிப்பு, கைதட்டல்.

உள்ளே வந்து சாக்கில் உட்கார்ந்தான். ஒரு பூண்டுப் பல் விழுந்தால்கூடக் கேட்டது. "ம்" என்று போட்டுப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிர்ச் சாக்கு காலியாகக் கிடந்தது. அரை மூட்டை உடைக்கிறதுக்குள் ஒரு வருசம் போன மாதிரி இருந்தது.

மத்தியானம் பொன்னுத்தாய் வந்தாள். முகம் சிவந்து, குரல் கம்மியிருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"கேட்டதச் சொன்னேன்."

"மரத்துல யாரு இருந்தாங்கன்னு..."

"அத யாரும் கேக்கல. அடுத்த வாரம் கேப்பாங்களாம். டீச்சர் என்னத்தான் வரச் சொல்லியிருக்காங்க."

"சரி விடு. மாடு எப்படிப் போச்சுன்னு எனக்காவது சொல்லுடி."

"பேசிப் பேசித் தொண்ட கட்டிருச்சுங்க. சாயங்காலம் காவ்யா வருவா. கேட்டத ஒரு ஆளுக்குச் சொல்லணும்ல? பெரியப்பா வீட்டுலதான் இருப்பாரு, குறுக்க பேசாம கேப்பாருன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு, மிச்ச அரை மூட்டையை அவன் முன்னால் தள்ளி வைத்தாள்.