வேணாம்னு வச்ச சீட்டு

எம் பொண்ணு பூவிழிய ஜப்பானுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பாத பழியும் எம் மேல வரக் கூடாது. அன்னிக்குக் காலைல வலை சிக்கெடுத்துக்கினே கோதண்டமாகிய நான் எடுத்த வீர சபதம் இதுதான்.

மூணு வருஷ ஆராய்ச்சியாம். அவ ஹாஸ்டல்லேர்ந்து ஒரு வாரம் வரலன்னாலே எனக்கு நெத்திலி கூட தொண்டைல சிக்கும். ஆனா 'எம் பொண்ணு பிளேன் ஏறப் போவுது'னு லைட்ஹவுஸ் குப்பம் பூரா தம்பட்டம் அடிச்சதும் நாந்தான். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு வேணாம்ன்றது? பன்னெண்டு மணிக்குள்ள அவ பதில் போட்டாவணும். மணி பதினொண்ணரை.

பூவிழி சீட்டுக்கட்டோட வந்து உக்காந்தா. அவ படிப்பே அதுதான். மனசுல இருக்கறத யாரும் காட்டாம, முடிவ மட்டும் கண்டுபுடிக்கிற வித்தை.

"நைனா, அம்மா, ஆளுக்கு ஒரு செவப்பு, ஒரு கறுப்பு. நடுவுல பொதுவா ஒரு செவப்பு. எல்லாம் கவுத்துத்தான். சம்மதம்னா உங்க செவப்ப நடு சீட்டுப் பக்கமா வைங்க. வேணாம்னா கறுப்ப வைங்க. மிச்ச சீட்டு வெளிப்பக்கமா இருக்கட்டும். அப்புறம் அஞ்சையும் வரிசையா அடுக்கி, கட்ட வெட்டி வெட்டி மாத்தி வட்டமா தொறப்பேன். மூணு செவப்பும் ஒட்டி வந்தா ரெண்டு பேருக்கும் சம்மதம். பிரிஞ்சா நான் போவல."

"யாரு வேணாம்னாங்கன்னு தெரியாதா?"

"எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம் நைனா. தெரிஞ்சா காலம் பூரா மனசு குத்திக்கினே இருக்கும்."

எனக்கு வவுத்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. ஏரியில யாரு எங்க வலை போடறதுன்னு பாடு சீட்டு எடுத்தவன் நான். சீட்டு விழுந்தா விழுந்ததுதான், எவனையும் குத்தம் சொல்ல முடியாது. இதுவும் அப்டித்தானேன்னு கறுப்ப நடுப்பக்கமா தள்ளிட்டேன். எம் பொண்டாட்டி இந்திராணியும் அவ சீட்ட வச்சா.

தொறந்தா, செவப்பு பிரிஞ்சி கெடக்குது.

பூவிழி மூஞ்சி அப்டியே சுருங்கிப் போச்சு. வரலன்னு பதில் போட போன எடுத்தா. நான் உச்சுக் கொட்டினேன்.

"இன்னா பண்றது கண்ணு. வேணாம்னு வச்சது யாரோ, யாருக்குத் தெரியும்?"

இந்திராணி சடார்னு நிமிந்தா. "இன்னாயா சொன்னே? உனக்குத் தெரியலயா?"

"சத்தியமா தெரியல."

"நீ சம்மதம்னுதானே வச்சே?"

"பின்னே? குப்பத்துக்கே தெரியுமே!"

"நீ சம்மதம்னு வச்சிருந்தா, கெடுத்தது நாந்தான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணுமேயா! இங்க இருக்கறதே ரெண்டு சீட்டுக்காரங்க. யாருன்னு தெரியலன்னா, வேணாம்னு வச்சவன் நீதான்!"

பூவிழி போன வச்சிட்டு என்னையே பாக்குறா. கோவம்கூட இல்ல அந்தக் கண்ணுல. மணி பன்னெண்டாவ அஞ்சு நிமிஷம்.

"நைனா புத்தி கெட்டுப் போயி வச்சிட்டேன் கண்ணு. நீ வரேன்னே பதில் போடு."

போட்டா. போட்ட கையோட கட்டிப் புடிச்சது மட்டும் அவங்கம்மாவ. அப்டியே விஷயத்தச் சொல்ல பக்கத்து வீட்டு பிலோமினாகிட்ட ஓடினா.

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. "உனக்கு மட்டும் இன்னாடி கல்லு மனசா? மூணு வருஷம் அவ இல்லாம எப்டி இருப்பே?"

இந்திராணி முந்தானையால கண்ணத் தொடச்சா.

"புள்ள மூஞ்சி வாடினத பாக்க முடியல, அதான் உன்ன மாட்டி விட்டேன். நானும் கறுப்பத்தான்யா வச்சேன்."