தரங்கம்பாடி போய் வந்த பாஸ்கல்

"கோட்டை இன்னா கலரு?"

ஃபோர்மேன் உலகநாதன் இப்படிக் கேட்டதும் பாஸ்கலின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. ஆவடித் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறான். கோட்டையின் நிறத்தை யாரும் அவனிடம் விசாரித்ததில்லை.

"எந்தக் கோட்டை சார்?"

"இன்னாய்யா, தரங்கம்பாடி போய்ட்டு முந்தாநேத்துதானே வந்தே? டேனிஷ்காரன் கட்டுனது, கடலோரமா கீதாமே."

பாஸ்கல் தரங்கம்பாடி போகவில்லை. போகத்தான் இருந்தான். குடும்பத்தோடு ஊர் சுற்றிவர நாலு வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி பணம் தரும் பயணச் சலுகையில் மாயவரம் வரை ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டான்; அங்கிருந்து பஸ். கிளம்ப வேண்டிய அன்று காலையில் மகள் அருள்செல்விக்கு அம்மை போட்டுவிட்டது. சலுகையை விடவும் மனசில்லை. மனைவி ஜெயசீலியையும் மகளையும் சென்னீர்குப்பத்து மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போய், வாசல் பக்கம்கூடத் தலைகாட்டாமல் பத்து நாள் கிடந்தான். திரும்பி வந்து, போய் வந்ததாகப் படிவத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. குட்டு வெளிப்பட்டால் வேலை போய்விடும்.

"வெள்ளை சார். வெள்ளைவெளேர்னு இருக்கும்."

உலகநாதன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். பாஸ்கல் குனிந்து ஸ்பேனரைத் தேடினான்.

மறுநாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன்லேர்ந்து கோட்டைக்கு நடந்தே போலாமா?"

"போலாம் சார், கிட்டதான்."

"எங்க தங்குனீங்க?"

"தெரிஞ்ச சாமியார் ஒருத்தர் பங்களாவுல சார்."

"பேரு?"

"ஃபாதர் ஜோசப்ராஜ்."

ஜோசப்ராஜ் அவனுடைய மைத்துனன். பூந்தமல்லியில் மாவு மில் வைத்திருக்கிறான், மூன்று பிள்ளைகள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவனைச் சாமியாராக்கியாயிற்று.

"போட்டோ எடுத்திருப்பியே, கொண்டாந்து காட்டு," என்றார் உலகநாதன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெயசீலி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மை போட்ருச்சு, போவலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்போ கடலுக்கு எங்கே போறது?"

கடல், மார்க்கெட் பக்கத்து ஸ்டுடியோவிலேயே இருந்தது. தென்னை மரங்களோடு திரைச்சீலையில் வரைந்து வைத்திருந்தார்கள். மகளின் தழும்பு தெரியாமல் பவுடரை அப்பி, மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நின்றார்கள்.

உலகநாதன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அலையே இல்லையே?"

"அமைதியான ஊரு சார்."

"மரம் பூரா ஒரே பக்கமா சாஞ்சிகினு கீது?"

"காத்து சார்."

"காத்து கீது, அலை இல்ல," என்று எழுதிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வர்றேன். கொழந்த இன்னா பாத்துச்சுன்னு அது வாயாலயே கேக்கணும்."

பாஸ்கலுக்குச் சந்தேகமே இல்லை. யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள், மேலிடம் இவரை உளவு பார்க்க விட்டிருக்கிறது. அன்று முதல் மகளுக்குப் பாடம் நடந்தது. கோட்டை வெள்ளை. ஸ்டேஷன் கிட்ட. ஃபாதர் நல்லவர்.

"அங்க கோயில் ஒண்ண கடலு பாதி தின்னுடுச்சாமே, எங்க டீச்சர் சொன்னாங்க. மீதிக்குள்ள போயி நிக்கலாமாப்பா?" என்று கேட்டாள் அருள்செல்வி.

"தெரியலம்மா."

"கோட்டைக்குள்ள இன்னா கீது?"

அதுவும் தெரியவில்லை. இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி அளந்ததில், அந்த ஊரை ஒரு முறை பார்த்தே ஆகவேண்டும் என்று அவனுக்கே ஆசை வந்துவிட்டது. குழந்தையைப் பொய் சொல்ல வைக்கப்போகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவர் வருவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று தீர்மானித்தான்.

வெள்ளிக்கிழமை உலகநாதன் பட்டறையில் இல்லை. திடீரென்று கூப்பிட்டு அனுப்பியதால் மேலே ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பாஸ்கலுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கிடைத்த பர்மிஷனில் நேரே அவருடைய குவார்ட்டர்ஸுக்கு ஓடினான். அவர் மனைவி லோகநாயகி வாசலில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சார் வந்ததும் நீங்கதாம்மா எனக்காகச் சொல்லணும். நான் தரங்கம்பாடி போவவே இல்ல. கோட்டை, சாமியார், காத்து எல்லாமே கப்சா. புள்ளக்குட்டிக்காரன், வேலை போனா தெருவுலதான் நிக்கணும்."

லோகநாயகியின் கையிலிருந்த அச்சுக்குழல் அப்படியே நின்றது.

"பாவி மனுசா, போன வருசம் தரங்கம்பாடி போய்ட்டு வந்தோம்னு எழுதிக்குடுத்துட்டு நாங்க ஊட்லயே கெடந்தோம், நீ சொன்னத பூரா மனப்பாடம் பண்ணிகினு அவரு இப்பத்தான் விசாரணைக்கு உள்ள போயிருக்காரு."