பென்குயின் போட்ட சிஸ்டம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை முழுவதும் தேடினாலும், கம்ப்யூட்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு அதை ஆன் செய்கிற மனிதர் பென்குயின் ஒருவர்தான். அப்படிப்பட்டவரின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மேலே எழுத எனக்குச் சுலபமாக இருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஹெல்மெட், ஸ்கூட்டர், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் பென்குயின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். அது லினக்ஸின் சின்னம். லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, பிரித்துப் பார்த்து, தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய சிஸ்டம். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கறுப்புக் கயிற்றில் கோத்து, முருகன் டாலருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். தாயத்தா என்று கேட்டவர்களிடம் அவர் மறுத்ததே இல்லை.

திருட்டு சாஃப்ட்வேர் அவருக்கு ஆகாது. திருமுல்லைவாயலில் ஒரு கல்யாணம். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போட்டோகிராபரின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தவர், கெட்டிமேளம் ஓய்ந்த அதே நொடியில், "இது திருட்டு மாலுங்க" என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தாலியைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் நகைக்கடை ரசீதைத் தேடி ஓடினார்.

நான் அப்போது ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபீஸ் மேனேஜர். எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்ததும் திருட்டு மால்தான். என்றைக்காவது யாராவது சோதனைக்கு வந்தால் மானம் போய்விடும் என்று பயந்த முதலாளி, பென்குயினைக் கூப்பிட்டார். நான் வேண்டாம் என்றேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. அந்த ஆபீஸுக்குள் புதிதாக எது வந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வரும். இது கேட்காமல் வந்துவிட்டது.

எங்கள் வரிசையில் இருந்த மற்ற கம்பெனிக்காரர்கள், "முதல்ல அங்க ஓடட்டும். ஓடிச்சுன்னா எங்களுக்கும் போடு" என்று பென்குயினிடம் சொல்லியிருந்தார்கள். அவருக்கு நிலையாக ஒரு தொழில் அமைவது எங்கள் ஆபீஸின் கையில் இருந்தது. இது எனக்குத் தெரியும்.

வேலைக்கு வந்தவர் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முன்பும் செருப்பைக் கழற்றிவிட்டு, "வணக்கம்பா, புதுச் சட்டை போட்டுக்கலாமா?" என்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஓசியில வர்றது எப்படிய்யா உருப்படும்?"

"காத்துகூட ஓசிதான் மேனேஜர் சார். நீங்க உடாம இழுத்துகினுதான கீறீங்க?"

பில் போடும் மல்லிகாவுக்கு வேறு பிரச்சினை. எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் காலையில் வந்ததும் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, நாலு தடவை 'ரெஃப்ரெஷ்' கொடுக்காமல் யாரும் வேலையைத் தொடங்க மாட்டார்கள். எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. புது சிஸ்டத்தில் அது இல்லை.

"ரெஃப்ரெஷ் எங்கண்ணா? அது குடுக்காம கையே ஓட மாட்டேங்குது."

"அது ஒண்ணும் பண்ணாதும்மா."

"பண்ணாட்டிப் போவுது. இருக்கணும்."

மறுநாள் அவள் திரையில் 'ரெஃப்ரெஷ்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் எதுவும் நடக்காது. மல்லிகா ஆசை தீர அழுத்திவிட்டு, "இப்பதாண்ணா ஸ்பீடா கீது" என்றாள்.

எல்லாமே நன்றாக ஓடியது. கணக்கு, கடிதம், பில், பிரிண்டர் எதிலும் குறையில்லை. குறை கண்டுபிடிக்க முடியாமல் நான்தான் இளைத்துப் போனேன்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. ஒர்க்‌ஷாப் மெஷின்களுக்கு ஃபோர்மேனும் ஆபீஸ் சாமான்களுக்கு நானும் பொட்டு வைப்பது வழக்கம். எல்லாக் கேபிள்களையும் கழற்றித் துடைத்து, மானிட்டர், கால்குலேட்டர், ஸ்டேப்ளர், காகிதத்தில் துளை போடும் கருவி வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பிரிண்டருக்கு நான்கு பக்கமும் வைத்தேன். பின்பக்கம் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கிறது, பிரிண்டர் அசையவில்லை. வண்டிக்காரர் உள்ளே வந்து, "இன்னா நைனா, பூசை போட்டு மெஷினத் தூங்க வெச்சிட்டீங்களா?" என்றார். மல்லிகா பில்லைக் கையால் எழுதி அனுப்பினாள்.

பென்குயின் வந்தார். பிரிண்டர் ஓடவில்லை என்றால் லினக்ஸ்மேல்தான் தப்பு என்று ஊரே சொல்லிச் சொல்லி, அவரும் அதை நம்பும் நிலைக்கு வந்திருந்தார். பிரிண்டரை ஓட்டும் 'டிரைவர்' என்ற சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டார், கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டினார். பிரிண்டரின் பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் பார்த்தேன். கேபிளை உருவினேன். சொருகும் துளைக்குள் மஞ்சளாக, கெட்டியாக, நான் வைத்த சந்தனம்.

கேபிளை மறுபடியும் சொருகிவிட்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் முதலாளி, "பழையதுல ஒரு நாளாவது இப்படி நின்னுச்சா?" என்று சத்தம் போட்டார். பென்குயின் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "நீங்க அப்பவே சொன்னீங்க சார்" என்றார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட ஆள் வருவதற்குள், பல் குத்தும் குச்சியால் துளையைச் சுத்தம் செய்துவைத்தேன். பிரிண்டர் ஓடியது. "பாத்தீங்களா?" என்றார் முதலாளி. வரிசைக் கம்பெனிக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பென்குயினைத் தொழிற்பேட்டையில் காணவில்லை.

ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் கழித்து, பூந்தமல்லியில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டும் ஒரு சின்னக் கடையில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். உள்ளே அவரே இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

"சந்தனமா? கேபிள் சொருவற ஓட்டையிலயா?"

"ஆமாம்."

"அப்ப பிரிண்டர் டிரைவரு நான் கரெக்டாத்தான் போட்டுக்கீறேன்."

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதே மாடல் பிரிண்டரைப் பழைய சாமான் கடையில் வாங்கி, வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தாராம். அது ஓடியிருக்கிறது. அங்கே ஏன் ஓடவில்லை என்று தெரியாமல் வருஷக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறார். "என் ஊட்டுக்காரி அதுமேல மாவு டப்பா வெச்சிக்கீறா சார்."

கோபம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. "பெரியவர்னு பாக்கறேன்" என்றார். வாடிக்கையாளர் ஒருவரை அனுப்பிவிட்டு வந்து மறுபடியும், "பெரியவர்னுதான் பாக்கறேன்" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவும்? அந்த வரிசைல வந்து சொல்வீங்களா?"

போனேன். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கேட் கேட்டாக ஏறி இறங்கி, சந்தனக் கதையைச் சொன்னேன். என் பழைய முதலாளி, "உங்ககிட்ட ஆபீஸ் சாவியே குடுத்து வெச்சிருந்தேனேய்யா" என்றார். அவர் திரும்ப லினக்ஸுக்கு வரவில்லை. காசு கொடுத்து வேறு சிஸ்டம் வாங்கிவிட்டிருந்தார். இரண்டு இடங்களில் சிரித்து அனுப்பினார்கள். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனிக்காரர் மட்டும், "ஒரே ஒரு மெஷின்ல போட்டுக் காட்டு" என்றார்.

அந்த ஒன்று இப்போது அந்த ஆபீஸ் முழுவதும் ஓடுகிறது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனியும் கேட்டது. செல்போன் கடையை மனைவி பார்த்துக்கொள்ள, பென்குயின் மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொள்கிறார். எனக்குப் போட்டிருப்பது ஒரே நிபந்தனை, நான் எதையும் தொடக்கூடாது.

நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது போதும். டீ வந்தால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, முதல் கிளாஸை என் பக்கம் நீட்டிவிட்டுத்தான் தன்னுடையதை எடுக்கிறார்.