மஞ்சள் மூடி

"இது இல்ல. மஞ்சள் மூடி போட்டது வேணும்" என்று காந்திமதி பாட்டிலைத் திருப்பித் தள்ளினாள்.

ஜனக்புரி மருந்துக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் பவுனு நீல மூடி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்தக் கடையில் தமிழில் பேசினால் நிமிர்ந்து பார்க்கிற ஒரே ஆள் அவள்தான்.

"உள்ள மருந்து அதேதான்க்கா. கம்பெனிதான் வேற."

"கம்பெனி மாறினா என் உடம்புக்கு மருந்தும் மாறிடும்."

"இல்லக்கா, உங்க வீட்டு சார் எப்பவும் வந்து..."

"சார் ட்ரெயினிங்குக்கு கவுஹாத்தி போயிருக்கார். மூணு மாசத்துக்கு நான்தான் வருவேன். மஞ்சள் மூடி இருக்கா, இல்லையா?"

இல்லை. காந்திமதி மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த காலி பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மாதிரி காட்டி வாங்குவது அவள் கணவன் வைத்தியின் பழக்கம். மாத்திரை தீர்ந்ததும் காலி பாட்டிலைக் கையோடு எடுத்துப் போவான், நிறைந்த பாட்டிலோடு வருவான். அந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கம்பெனி தைராய்டு மாத்திரை அவள் வயிற்றுக்குள் போய், ரத்தப் பரிசோதனை எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அலுவலகப் பதவி உயர்வுத் தேர்வு வந்தது. கண்காணிப்பாளர் தோளைத் தட்டி எழுப்பியபோது விடைத்தாளில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அதுவும் 'காந்தி' வரைக்கும்தான்.

பிறகுதான் மஞ்சள் மூடி வந்தது. எண் இரண்டரையில் நின்றது. அன்றைக்கே வைத்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்: வேறு மூடி இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் வைத்தி.

இப்போது மறுபடியும் அதே தேர்வு, நவம்பரில். சாயங்காலம் லோதி ரோட்டில் பயிற்சி வகுப்பு. இந்தத் தடவை முழுப் பெயரையும் எழுதிவிடுவது, அதற்குக் கீழே விடைகளையும் எழுதுவது என்று தீர்மானித்திருந்தாள்.

வைத்திக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"நீலத்தையே வாங்கிக்கோயேன் காந்தி. அது ஒண்ணும் பண்ணாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அங்கே சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் டாக்டர் சுஷ்மாவிடம் போனாள். டாக்டர் எப்போதும் மருந்தின் பெயரை மட்டும் எழுதுவார், கம்பெனியை எழுத மாட்டார். காந்திமதி காலி பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். லேபிளில் கம்பெனியின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி, அடியில் 'மாற்றித் தரக் கூடாது' என்றும் சேர்க்கச் சொன்னாள். டாக்டர் இரண்டையும் எழுதி, கேட்காமலே அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

சீட்டோடு மறுபடி பவுனுவிடம் போனாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"மருந்து எப்ப வரும்கிறதை மட்டும் சொல்லு."

தெரியாது என்றாள் பவுனு. சீட்டில் அடிக்கோடு இருந்ததால் ஜனக்புரியில் வேறு எந்தக் கடைக்காரரும் வேறு கம்பெனியைத் தரத் துணியவில்லை. மூன்று நாள் மாத்திரையே இல்லாமல் போனது. மருந்து மாறக் கூடாது என்பதற்காக மருந்தே சாப்பிடாமல் இருக்கிறோமோ என்று ஒரு சந்தேகம் அவளுக்கு வந்தது. அதையும் மாத்திரைக் கணக்குக்காகத் தொடங்கியிருந்த நோட்டில் எழுதி வைத்தாள்.

நான்காம் நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போன இடத்தில், பக்கத்து மருந்துக் கடையில் மஞ்சள் மூடி கண்ணில் பட்டது. ஆனால் அது இருபத்தைந்து மைக்ரோகிராம். அவளுக்கு வேண்டியது ஐம்பது. அதனாலென்ன, தினம் இரண்டு. நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் டிக் செய்துவிட்டாள். மறுநாள் அந்த டிக்கை நம்பலாமா என்று யோசித்து யோசித்து மெட்ரோவையே தவறவிட்டாள்.

அது தீர்ந்ததும் அதே கடையில் நூறுதான் இருந்தது. அதனாலென்ன, தினம் பாதி. காய்கறிக் கத்தியால் வெட்டியதில் எந்த மாத்திரையும் சரிபாதியாக உடையவில்லை. அதற்கும் வழி கண்டாள்: ஒற்றைப்படைத் தேதியில் பெரிய பாதி, இரட்டைப்படைத் தேதியில் சின்ன பாதி. முப்பத்தொன்றுக்கு அடுத்து ஒன்றாம் தேதி வந்தபோது இரண்டு பெரிய பாதிகள் சேர்ந்துவிட்டன. அதைச் சரிக்கட்ட இரண்டாம் தேதி ஒரு துணுக்கை மட்டும் விழுங்கினாள்.

செப்டம்பர் பாதியில் உடம்பு கனக்க ஆரம்பித்தது. வகுப்பு முடிந்து மெட்ரோவில் ஏறியவள், ஜனக்புரியில் இறங்காமல், அதையும் தாண்டி துவாரகா ஸ்டேஷனில் கண் விழித்தாள். மறுநாளும் துவாரகா. மூன்றாம் நாள் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். கம்பியைப் பிடித்தபடியே துவாரகா போய்ச் சேர்ந்தாள்.

கம்பெனிதான் தரத்தைக் குறைத்துவிட்டது என்று தோன்றியது. கம்பெனிக்கே நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். அவர்கள் வருந்தி, ஐம்பதிலேயே மஞ்சள் மூடி பாட்டில் ஒன்றை கூரியரில் அனுப்பினார்கள். தினம் சரியாக ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட்டுக்கொண்டாள். இரண்டு வாரத்தில் படபடப்பு தொடங்கியது. இரவில் தூக்கமில்லை. வகுப்பில் மட்டும் தூக்கம் தவறாமல் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் எண் இரண்டரையிலிருந்து அரைக்கும் கீழே இறங்கியிருந்தது.

ரிப்போர்ட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் சுஷ்மா நோட்டைப் புரட்டினார். பெரிய பாதி, சின்ன பாதி என்று போட்டிருந்த பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"உங்க பழைய ரிப்போர்ட்டைப் பாருங்க, ரெண்டு வருஷமும் நேர்கோடு மாதிரி இருக்கு" என்றார். "அப்ப எதைச் சாப்பிட்டீங்களோ, எப்படிச் சாப்பிட்டீங்களோ, அதே மாதிரி சாப்பிடுங்க. உங்க மூளையைத் தேர்வுக்கு வச்சுக்குங்க."

தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது, அதற்குள் நிமிர்ந்துவிடலாம் என்றும் சொன்னார். கம்பெனி பெயரை எழுதவில்லை. 'கடந்த இரண்டு வருஷம் சாப்பிட்டது எதுவோ, அதுவே' என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

காந்திமதி நேரே பவுனுவின் கவுண்டருக்குப் போய், சீட்டையும் பழைய காலி பாட்டிலையும் எதிரே வைத்தாள். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை, அதற்குத் தெம்பில்லை.

"படிச்சுப் பாரு பவுனு. ரெண்டு வருஷமா சாப்பிட்டது எதுவோ அதுதான் வேணும். இல்லன்னா நான் இங்கயே உட்கார்ந்துடுவேன். வைத்தி வந்தாலும் நகர மாட்டேன்."

பவுனு சீட்டை இரண்டு முறை படித்தாள். பிறகு அலமாரியிலிருந்து நீல மூடி பாட்டில் ஒன்றை எடுத்தாள். காந்திமதி வாயைத் திறப்பதற்குள் அதன் மூடியைத் திருகி, மாத்திரைகளைப் பழைய பாட்டிலுக்குள் மளமளவென்று கொட்டினாள். ஒன்றுகூடச் சிந்தவில்லை. மஞ்சள் மூடியை இறுக்கினாள், நீல மூடியைக் காலடிக் குப்பைக் கூடையில் போட்டாள், பாட்டிலைத் துடைத்து நீட்டினாள்.

"ரெண்டு வருஷமா சார் இப்படித்தான்க்கா வாங்கிட்டுப் போறாரு, வேற மூடி வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சத்தியமாம்."