இடுப்பில் ஏறிய தலைவர்

துணிமூட்டையைப் பிரித்ததும் அகூவி "ஐயோ" என்று கத்திக்கொண்டே அதைத் திரும்பக் கட்டப் பார்த்தாள்.

மந்திரியை வரவேற்கச் சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் இடுப்பில் கட்ட, ஒரே மாதிரி அச்சடிக்கக் கொடுத்த துணி. நடுவில் வட்டத்துக்குள் மந்திரி சிரிக்க வேண்டும். சிரித்துக்கொண்டிருந்தது அவள் புருஷன் கொம்லான்.

அடையாள அட்டைக்காக அவன் எடுத்துக்கொண்ட படமும் மந்திரியின் படமும் அவள் கைப்பையில் ஒன்றாகத்தான் கிடந்தன. அச்சடிக்கிறவனிடம் எதை நீட்டினோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"இந்த பாலிமே ஊர்லயே ஒரு வேலையும் செய்யாத ஆம்பள இவன் ஒருத்தன்தான்," என்றாள் பக்கத்துக் கடை கருவாட்டுக்காரி மாவுசி. "இவன் மூஞ்சிய நான் இடுப்புல கட்டணுமா?"

"வாய மூடுடி. மந்திரி வர்ற நேரமாச்சு. கூரை வேணுமா வேணாமா?" என்றாள் அகூவி.

மழை பிடித்தால் பாதிச் சரக்கு சாக்கடையோடு போகும் சந்தை அது. மந்திரி போடப்போவது ஒரே கூரை. இங்கேயா, ஆற்றுக்கு அக்கரைச் சந்தையிலா என்பதை வரவேற்பைப் பார்த்து முடிவு செய்வார் என்று பேச்சு. அக்கரைக்காரிகள் மேளக்காரர்களையே வளைத்துப் போட்டுவிட்டார்கள்.

"எல்லாரும் திருப்பிக் கட்டுங்கடி!" என்று அகூவி உத்தரவு போட்டாள்.

திருப்பினார்கள். அங்கேயும் கொம்லான் சிரித்தான்.

"ரெண்டு பக்கமும் சாயம் ஊறலேன்னா துணிய எடுக்க மாட்டேன்னு பேரம் பேசினது யாரு, மகராசி?" என்றாள் மாவுசி.

மந்திரிக்குக் கண்ணாடியும் மீசையும் உண்டு. சோளம் சுடும் அடுப்பிலிருந்து கரியை அள்ளிவந்து, ஆளுக்கு ஆள் இடுப்பில் கண்ணாடி வரைந்து மீசை வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மந்திரிதான். அகூவி மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு அடங்குவதற்குள் வெயில் ஏறியது. வரவேற்பு ஆட்டத்தின் ஒத்திகையில் வேர்வை வழிந்து கரி கரைந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு, உதடு வீங்கின மாதிரி. யாரோ நையப் புடைத்து அனுப்பிய முகம்.

சவாரிக்கு நின்ற மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "யாருக்கா இது? இந்த அடி அடிச்சிருக்கானுங்க?"

உண்மையைச் சொன்னால் தோலை உரிப்பேன் என்று அகூவி மிரட்டியிருந்ததால், மாவுசி வாயில் வந்ததை விட்டாள். "தலைவருப்பா! நமக்காக அடி வாங்கினவரு!"

அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள்காரர்கள் சேதியை ஊரெல்லாம் ஊதினார்கள். பட்டறைக்காரர்கள் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தார்கள். ஒரு கல்யாண ஊர்வலம் எக்காளத்தோடு பாதை மாறி உள்ளே புகுந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து, தூங்கி எழுந்த கொம்லான் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அகூவி, சோறு எங்க?"

"அதோ! அவரேதான்!" என்று ஒருவன் அலறினான். "வந்ததும் நம்ம சோத்தப் பத்தித்தான் கேக்கறாரு பாரு!"

கொம்லான் தோள்களின்மேல் ஏறினான். "சோறு எங்க! சோறு எங்க!" என்று சந்தை அதிர்ந்தது. அகூவி கையை ஆட்டி ஆட்டித் தடுத்தாள். தாளம் போடுகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாகக் கத்தினார்கள்.

மந்திரியின் கார்கள் வந்து நின்றன.

இறங்கியவர் துணிகளைப் பார்த்தார். தோளின்மேல் இருந்தவனைப் பார்த்தார். கூட்டத்தின் கடைசித் தலை எங்கே இருக்கிறது என்று தேடினார். அகூவியின் மனசுக்குள் கூரை அக்கரைக்குப் பறந்துகொண்டிருந்தது.

மந்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கொம்லானிடம் போய், எட்டி அவன் கையைப் பிடித்தார். "தம்பி!" என்று தழுதழுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கூரை இந்தச் சந்தைக்குத்தான். நாளைக்கே ஆள் வரும்!" என்று அறிவித்தார். பொரித்த சேனையைக்கூடத் தொடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அகூவி கருவாட்டுக் கூடைமேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தப்பிச்சோம்டி மாவுசி! வெயில்ல அவருக்குக் கண்ணு கூசியிருக்கு. ஒண்ணும் கவனிக்கல!"

"எழுந்திரிடி, கருவாடு தூளாகுது."

மந்திரிக்கு வைத்திருந்த சேனையைக் கொம்லான் தோள்மேல் இருந்தபடியே தின்றுகொண்டிருந்தான்.

கடைசிக் காரின் டிரைவர் மட்டும் நடந்து திரும்பி வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அகூவியின் காதருகே குனிந்தான்.

"அக்கா, ஐயா கேக்கச் சொன்னாரு. உங்க தலைவரு தேர்தல்ல நிக்காம இருக்கணும்னா, கூரையோட சேத்து இன்னும் என்ன வேணும்?"