பிள்ளையாருக்குப் போன கரை

கிருமாம்பாக்கம்,
செப்டம்பர் 1974

மதிப்புக்குரிய மச்சான் சேதுராமன் அவர்களுக்கு, ஏகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை சுலோசனாவும் குழந்தைகளும் சுகம். நான் சுகமில்லை, கரையும் சுகமில்லை.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த வேலைக்கு வேட்டு வந்துவிட்டது. புதிதாகப் போட்ட வாய்க்கால் கரை மழையில் கரையாமல் இருக்கப் புல் பதிக்க வேண்டும், கரைக்காகச் சாமிநாதன் நிலத்தில் மண் எடுத்த பள்ளத்தை மூடிப் பழையபடி வயலாக்கிக் கொடுக்க வேண்டும், இரண்டையும் கூட நின்று பார்ப்பது என் உத்தியோகம். இன்ஜினீயர் பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடுதான். அருகம்புல்தான் நன்றாக வேர் பிடிக்கும் என்று நானே யோசனை சொன்னேன். என் வாயில் சனி. ஆடு வந்தால் விரட்டினேன், மாடு வந்தால் விரட்டினேன், விநாயகர் சதுர்த்தி வரும் என்பது மட்டும் இந்த மரமண்டையில் ஏறவில்லை. விடிந்து பார்த்தால் ஊரே கரைமேல் உட்கார்ந்து புல்லைப் பிடுங்குகிறது. "இன்னாம்மா விருத்தாம்பா, சர்க்கார் புல்லும்மா அது!" என்று கத்தினால், "புள்ளையாருக்குத்தான சார், நாங்களா துன்னப் போறோம்?" என்கிறாள். சாமி காரியத்துக்கு எப்படித் தடை சொல்வது? பள்ளத்துப் பக்கம் போனால், அதை மூட வைத்திருந்த களிமண் குவியலைக் காணோம்; வீட்டுக்கு வீடு பிள்ளையாராகத் தொந்தியோடு உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் அத்தனை பிள்ளையாரையும் கொண்டுவந்து, மழைத்தண்ணீர் நின்ற அதே பள்ளத்தில் கரைத்தார்கள். மண் வந்து சேர்ந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தது அரை நிமிஷம். "சாமி எறங்குன எடம் சார். மேல மண்ணு கொட்னா என் வூடு வெளங்குமா? மூடக் கூடாது" என்று சாமிநாதன் குறுக்கே நிற்கிறார். நேற்று வரை மூடு மூடு என்று என் உயிரை வாங்கியவர் இவர்தான்!

அழுகையாக வருகிறது மச்சான். நாளை இன்ஜினீயர் வருகிறார். வில்லியனூரில் உங்கள் மளிகைக் கடையில் வெல்லம் நிறுக்கவாவது எனக்கு ஓர் இடம் கொடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி; அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏகநாதன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் இன்ஜினீயர் வந்து போய்விட்டார். மொட்டைக் கரையைப் பார்த்து "புல்லு எங்கய்யா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி விஷயத்துல நாம கை வெக்க முடியாதுய்யா" என்று சொல்லிவிட்டு, புல் பிடித்தாயிற்று, பள்ளம் மூடியாயிற்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எனக்கு வேலை நிரந்தரம்! ஆகவே கடையில் இடம் வேண்டாம். ஆனால் ஐப்பசி மழைக்கு இந்தக் கரை நிற்காது. உடைந்தால், நன்றாகப் புல் பிடித்த கரை எப்படி உடைந்தது என்று என்னைத்தான் கேட்பார்கள். எதற்கும் கார்த்திகை வரை கடைக்கு வேறு ஆள் வைக்காதீர்கள்.